கிரியேட்டினின் ஒன்னுதான், ரிசல்ட் மட்டும் 138, 65, 54னு மூணு வருது: எதை நம்புறது டாக்டர்?

ஆறு வயசு பொண்ணோட அம்மா ஒருத்தர் எழுதியிருக்காங்க. லெட்டர் ரொம்ப நீளம், ரிப்போர்ட் எல்லாம் கூடவே அனுப்பியிருக்காங்க. அடையாளம் தெரியுற விஷயங்களை எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன்.

பொண்ணுக்கு 2 வயசுல ஒரு தடவை, 4 வயசுல ஒரு தடவை காய்ச்சலோட யூரின் இன்ஃபெக்ஷன் வந்திருக்கு. போன மாசம் மூணாவது தடவை. நல்ல காய்ச்சல், ரெண்டு நாள் வாந்தி, காய்ச்சல் இறங்கலன்னு வீட்டுல இருந்த ஐப்யூப்ரோஃபென் சிரப் குடுத்திருக்காங்க. அப்புறம் டாக்டர் கோட்ரைமாக்சசோல்ங்கற ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சிருக்கார், மருந்து ஆரம்பிச்ச மூணாவது நாள் பிளட் டெஸ்ட். கிரியேட்டினின் 0.7. லேப் பேப்பர்ல நார்மல் 0.6ல இருந்து 1.2னு போட்டிருக்கு, அதனால முதல் டாக்டர் "நார்மல்"னு சொல்லி அனுப்பிட்டார். இவங்க சும்மா இருக்காம, கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு கிரியேட்டினினை வெச்சு சொல்ற ஜிஎஃப்ஆர் கணக்கை நெட்ல ஒரு கால்குலேட்டர்ல போட்டு பார்த்திருக்காங்க, 138னு வந்திருக்கு, ரொம்ப சந்தோஷம். ஸ்கேன்ல வலது கிட்னி 8.7 செ.மீ., இடது 6.4 செ.மீ.னு வந்ததும் இன்னொரு குழந்தைகள் டாக்டர்கிட்ட போயிருக்காங்க, அவர் 65னு எழுதியிருக்கார். அங்கிருந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு போனா அங்க 54னு எழுதி பக்கத்துல கிட்னி பாதிப்பு ஸ்டேஜ் 3ஏன்னு போட்டுட்டாங்க.

"பத்து நாளைக்குள்ள 138ல இருந்து 54க்கு இறங்கிடுச்சு டாக்டர், இப்படியே போனா அடுத்த மாசம் டயாலிசிஸா? முதல் டாக்டர் எங்களை ஏமாத்திட்டாரா, புகார் குடுக்கலாமா? ஊசி போட்டு பண்ற ஸ்கேன் டெஸ்ட்தான் கரெக்ட்னு சொல்றாங்க, உடனே பண்ணிடவா? முட்டை, பால், பருப்பு எல்லாம் நிறுத்திட்டோம், தண்ணி மட்டும் நிறைய குடுக்கறோம், சரியா?" இதுதான் கேள்விகள். பொண்ணு உயரம் 110 செ.மீ., எடை 16 கிலோ. 4 வயசுல, காய்ச்சல் விட்டு மூணு வாரம் கழிச்சு எடுத்த ஒரு பழைய ரிப்போர்ட்டும் இருக்கு, அதுல கிரியேட்டினின் 0.5, அப்ப உயரம் 98 செ.மீ.

அம்மா, முதல்ல ஒரு விஷயத்தை நிதானமா கேளுங்க. உங்க பொண்ணோட கிட்னி பத்து நாள்ல 138ல இருந்து 54க்கு இறங்கல. மூணு பேரும் கணக்கு போட்டது ஒரே ரத்தத்துக்கு, ஒரே 0.7க்கு. மாறினது ஃபார்முலா மட்டும்தான். இதை நீங்க நம்பணும்னுதான் கீழ கணக்கையே போட்டு காட்டறேன், கால்குலேட்டர் எடுத்து நீங்களே சரி பாத்துக்கலாம்.

ஆனா அதே மூச்சுல இன்னொன்னும் சொல்லணும். "அப்போ ஒன்னும் இல்ல"ன்னும் அர்த்தம் இல்ல. 0.7 ஆறு வயசு குழந்தைக்கு நார்மல் கிடையாது. 138ங்கற நம்பரை முழுசா மறந்துடுங்க.

0.7 ஏன் நார்மல் இல்ல

கிரியேட்டினின் நம்ம தசையில இருந்து தினமும் வர்ற ஒரு கழிவு. கிட்னி அதை வடிகட்டி வெளிய தள்ளுது. ரத்தத்துல அது எவ்வளவு நிக்குதுங்கறது ரெண்டு விஷயத்தை பொறுத்தது: தசை எவ்வளவு உற்பத்தி பண்ணுது, கிட்னி எவ்வளவு வெளிய அனுப்புது. 60 கிலோ ஆளுக்கு இருக்கற தசை 16 கிலோ குழந்தைக்கு இருக்காது, அதனால குழந்தைக்கு உற்பத்தியே கம்மி, ரத்தத்துல இருக்க வேண்டிய அளவும் கம்மி. ஆறு வயசுல பொதுவா 0.3ல இருந்து 0.5 வரைக்கும் தான் பாப்போம். லேப் பேப்பர்ல அச்சடிச்சிருக்கற 0.6 முதல் 1.2 பெரியவங்களுக்கானது, பல லேப்ல வயசு என்ன போட்டாலும் அதே ரேஞ்ச்தான் பிரிண்ட் ஆகுது.

முதல் டாக்டர் அந்த ரேஞ்சை பாத்து நார்மல்னு சொல்லியிருக்கார். அது தவறுதான், நான் அதை மறைக்க போறதில்ல. ஆனா ஏமாத்தினார்ங்கறது வேற விஷயம். அவசர நேரத்துல இன்ஃபெக்ஷனை சரியா கண்டுபிடிச்சு சரியான மருந்து ஆரம்பிச்சவரும் அவர்தான். புகார் குடுக்கறது உங்க உரிமை, வேண்டாம்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா இப்ப உங்க சக்தியை அதுல செலவழிக்காதீங்க, அவர்கிட்ட போய் "இந்த ரேஞ்ச் பெரியவங்களோடது டாக்டர், பொண்ணுக்கு கணக்கு போட்டா இவ்வளவு வருது"ன்னு பேப்பரை காட்டுங்க, லேப்லயும் குழந்தைங்களுக்கு தனி ரேஞ்ச் போட சொல்லி கேளுங்க. அடுத்து வர்ற குழந்தைக்கு அதுல பலன் இருக்கு. எல்லா ரிப்போர்ட்டோட காப்பியும் கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க, பழைய ரிப்போர்ட் எங்க டாக்டர்களுக்கு தங்கம் மாதிரி.

அந்த மூணு நம்பரும் எப்படி வந்துச்சு

138 வந்தது சிகேடி எபிங்கற ஃபார்முலால. அது 18 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு. அதுல உயரமே கேக்க மாட்டாங்க, வயசு, ஆணா பெண்ணா, கிரியேட்டினின் மூணு மட்டும். வயசுல 6னு போட்டா அது பாட்டுக்கு ஒரு நம்பரை துப்பிடும், "இது குழந்தைக்கு போடக்கூடாது"ன்னு பல கால்குலேட்டர் எச்சரிக்கறதே இல்ல. பெரியவங்க உடம்புல 0.7 இருந்தா கிட்னி ஜோரா இருக்குன்னு அர்த்தம், அதைத்தான் அது சொல்லுது.

65 வந்தது ஷ்வார்ட்ஸ் ஃபார்முலால. ஜார்ஜ் ஷ்வார்ட்ஸ்ங்கற குழந்தைகள் கிட்னி டாக்டர் 1976ல கொண்டு வந்தது. அவரோட யோசனை ரொம்ப எளிமையானது: தசை எவ்வளவுன்னு நேரா அளக்க முடியாது, ஆனா குழந்தை வளர வளர தசை உயரத்தோட சேர்ந்து வளருது, அப்போ உயரத்தை கிரியேட்டினினால வகுத்து ஒரு எண்ணால பெருக்கினா கிட்னி வடிகட்டற அளவு கிட்டத்தட்ட வந்துடும். அந்த எண் முதல்ல 0.55, கைக்குழந்தைக்கு 0.45, டீன் ஏஜ் ஆண் பசங்களுக்கு 0.7. அப்புறம் லேப்ல கிரியேட்டினின் அளக்கற முறை மாறிடுச்சு, புது முறைல அளவு கொஞ்சம் கம்மியா வரும், பழைய எண்ணை போட்டா கிட்னி இருக்கறதை விட நல்லா இருக்கற மாதிரி காட்டும். அதனால 2009ல அமெரிக்கா, கனடா குழந்தைங்களை தொடர்ந்து பாக்கற சிகிட் ஆய்வுல 349 பேருக்கு ஐயோஹெக்ஸால்ங்கற மருந்தை ஊசியா போட்டு நிஜமான அளவை அளந்து, 0.413னு திருத்தினாங்க. உங்க பொண்ணுக்கு 0.413 பெருக்கல் 110, வகுத்தல் 0.7. பதில் 65.

54 வந்தது அதே சிகிட் குழு 2021ல குடுத்த யு25 ஃபார்முலால. 1 வயசுல இருந்து 25 வயசு வரைக்கும் போடலாம். அதுல ஒரே எண் கிடையாது, வயசுக்கும் ஆண் பெண்ணுக்கும் தகுந்த மாதிரி எண் மாறும். ஆறு வயசு பொண்ணுக்கு அது ஏறக்குறைய 34.4, உயரத்தை மீட்டர்ல போடணும். 34.4 பெருக்கல் 1.10, வகுத்தல் 0.7. பதில் 54.

ஆக 65ம் 54ம் ரெண்டுமே குழந்தைங்களுக்கான ஃபார்முலா தான், ரெண்டு டாக்டரும் தப்பு பண்ணல. ஒன்னு 60க்கு மேல, ஒன்னு 60க்கு கீழ விழுந்ததால ஒருத்தர் பேப்பர்ல ஸ்டேஜ் இல்ல, இன்னொருத்தர் பேப்பர்ல ஸ்டேஜ் 3ஏ. சின்ன வயசுல இப்ப யு25 தான் மேல்னு நான் நினைக்கறேன், நானும் அதைத்தான் போடறேன். ஆனா அதை விட முக்கியம், இனிமே எந்த ஃபார்முலாவோ அதையே கடைசி வரைக்கும் பிடிச்சுக்கணும். இன்னிக்கு ஒன்னுல போட்டு ஆறு மாசம் கழிச்சு வேற ஒன்னுல போட்டா இல்லாத சரிவும் தெரியும், இருக்கற சரிவும் மறையும்.

அந்த பழைய 0.5 ரிப்போர்ட்டை அனுப்பினீங்களே, அதுக்கு நன்றி. அதே யு25ல போட்டா அப்ப 66, இப்ப 54. ஷ்வார்ட்ஸ்ல போட்டா அப்ப 81, இப்ப 65. எதுல பாத்தாலும் ரெண்டு வருஷம் முன்னாடியே கொஞ்சம் கம்மியா இருந்திருக்கு, திடீர்னு நேத்து நடந்தது இல்ல. அப்போ இறங்கிட்டே போகுதான்னு கேப்பீங்க. அதுக்கு இன்னும் பதில் சொல்ல முடியாது, ஏன்னா இப்ப எடுத்த 0.7 நல்லா இருக்கற நாள்ல எடுத்தது இல்ல.

இந்த 0.7ஐ நான் ஏன் முழுசா நம்பல

இந்த ஃபார்முலா எல்லாம் ஒரு நிபந்தனைல தான் வேலை செய்யும்: கிரியேட்டினின் நிலையா இருக்கணும். வாந்தி, காய்ச்சல், தண்ணி வத்தின உடம்பு, இந்த நேரத்துல கிட்னிக்கு போற ரத்தம் குறையும், கிரியேட்டினின் ஏறிட்டு இருக்கும் இல்ல இறங்கிட்டு இருக்கும். அதுக்கு மேல ஐப்யூப்ரோஃபென். உடம்புல தண்ணி கம்மியா இருக்கறப்ப கிட்னிக்குள்ள ரத்த ஓட்டத்தை தாங்கிப் பிடிக்கற ஒரு ஏற்பாட்டை அந்த வகை மருந்து தடுத்துடும். நீங்க தெரிஞ்சு குடுக்கல, கோடிக்கணக்கான வீட்டுல இருக்கற மருந்துதான், அதுக்காக உங்களை நீங்க அடிச்சுக்க வேண்டாம். இனிமே இந்த பொண்ணுக்கு அது வேண்டாம், அவ்வளவுதான்.

அடுத்தது கோட்ரைமாக்சசோல். அதுல இருக்கற ட்ரைமெத்தோப்ரிம், கிட்னி குழாய் வழியா கிரியேட்டினின் வெளிய போற ஒரு வழியை அடைக்கும். வடிகட்டற வேலை அப்படியே இருக்கும், ரத்தத்துல கிரியேட்டினின் மட்டும் கொஞ்சம் ஏறும். மூணாவது நாள் எடுத்த டெஸ்ட்ல இதுவும் ஒரு பங்கு சேர்ந்திருக்கலாம்.

இன்னும் இருக்கு. லேப் 0.7னு ஒரே ஒரு தசமம் குடுத்திருக்கு. 0.65ம் 0.7 தான், 0.74ம் 0.7 தான். யு25ல 0.65னா 58, 0.74னா 51. பெரியவங்களுக்கு இந்த ரவுண்டு பண்றது பெருசா தெரியாது, குழந்தைக்கு மொத்த அளவே சின்னதா இருக்கறதால ரொம்ப பாதிக்கும். லேப் எந்த முறைல அளந்தாங்கன்னும் பாக்கணும். ஜாஃபேங்கற பழைய முறை ரத்தத்துல இருக்கற வேற சில பொருளையும் கிரியேட்டினின்னு எண்ணிடும், குழந்தைங்களோட குறைஞ்ச அளவுல அந்த பிழை பெருசா தெரியும். என்சைமாட்டிக் முறைதான் வேணும், 0.413ம் யு25ம் அதுக்குத்தான்.

இது வரைக்கும் சொன்னதெல்லாம் "நிஜ நிலைமை இதை விட நல்லா இருக்கலாம்"ங்கற பக்கம். இப்ப எதிர்ப்பக்கம். பொண்ணு 110 செ.மீ. உயரத்துக்கு 16 கிலோ, கொஞ்சம் ஒல்லி. அந்த உயரத்துக்கு இருக்க வேண்டிய தசை இல்லன்னா கிரியேட்டினின் உற்பத்தியும் கம்மி, அப்போ ஃபார்முலா கிட்னியை நிஜத்தை விட நல்லாவே காட்டியிருக்கும். ரெண்டு பக்கமும் தள்ளற காரணம் இருக்கறப்ப ஒரு நம்பரை வெச்சு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். இந்த ஃபார்முலா நல்ல நிலைமைல கூட, 2009 ஆய்வுல ஏறக்குறைய 10ல 8 குழந்தைங்களுக்குத்தான் நிஜ அளவுல இருந்து 30 சதவீதத்துக்குள்ள வந்துச்சு. இது மதிப்பீடு, அளவீடு இல்ல, அந்த வித்தியாசம் மனசுல இருக்கட்டும்.

இப்ப என்ன பண்ணலாம்

பொண்ணு நல்லா ஆகி, சாப்பிட்டு விளையாடிட்டு இருக்கற நிலைமைல, காய்ச்சல் விட்டு ரெண்டு மூணு வாரம் கழிச்சு ஒரு டெஸ்ட் எடுங்க. கிரியேட்டினின் என்சைமாட்டிக் முறைல, ரெண்டு தசமத்தோட கேளுங்க. அதே ரத்தத்துலயே சிஸ்டாட்டின் சியும் பண்ண சொல்லுங்க. இது தசையில இருந்து மட்டும் வர்றது இல்ல, உடம்புல இருக்கற எல்லா செல்லும் உண்டாக்கற புரதம், அதனால ஒல்லியா இருக்கற குழந்தைக்கு ரொம்ப உபயோகம், ட்ரைமெத்தோப்ரிம் அதை பாதிக்கறதும் இல்ல. இதுக்கும் குறை உண்டு: தைராய்டு கோளாறு, உடம்புல அழற்சி, வீசிங்குக்கோ வேற எதுக்கோ ஸ்டீராய்டு எடுக்கறது இதெல்லாம் அளவை மாத்திடும், அப்படி ஏதாவது இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க. யு25ல ரெண்டுக்கும் தனித்தனி ஃபார்முலா இருக்கு, ரெண்டு பதிலோட சராசரி ஒவ்வொன்னையும் தனியா பாக்கறதை விட நம்பகமானது. டெஸ்ட்டுக்கு முந்தின நாள் நிறைய மாமிசம் வேண்டாம், சமைச்ச மாமிசம் கிரியேட்டினினை சில மணி நேரத்துக்கு ஏத்தி காட்டும்.

உயரத்தை அன்னிக்கே அளக்கணும். செருப்பு இல்லாம, சுவத்தோட ஒட்டி நிக்க வெச்சு, சரியான அளவுகோல்ல. ஸ்கூல் கார்டுல போன வருஷம் போட்டதை எழுதறது நான் அடிக்கடி பாக்கற தவறு. உயரம் 6 செ.மீ. கம்மியா போட்டா உங்க பொண்ணோட 54, 51 ஆயிடும், ஒன்னுமே நடக்காம.

கோட்ரைமாக்சசோல் இன்னும் ராத்திரி ஒரு சின்ன டோஸா போயிட்டு இருக்குன்னு எழுதியிருக்கீங்க. இதை படிச்சுட்டு நீங்களா நிறுத்திடாதீங்க, மறுபடி இன்ஃபெக்ஷன் வராம இருக்க குடுக்கற மருந்து அது. டெஸ்ட் எடுக்கறப்ப இந்த மருந்து போகுதுன்னு டாக்டருக்கு நினைவு படுத்துங்க, அது போதும்.

யூரின் டெஸ்ட் கிரியேட்டினின் அளவுக்கே முக்கியம், சொல்லப்போனா எதிர்காலத்தை சொல்றதுல அதுக்கு மேல கூட சொல்லலாம். காய்ச்சல்ல எடுத்த யூரின்ல புரதம் 1 பிளஸ்னு வந்ததை இப்போதைக்கு ஒதுக்கி வைங்க, காய்ச்சலே அதை உண்டாக்கும். காலைல எழுந்ததும் போற முதல் யூரின்ல புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தை பாக்கணும். முதல் யூரின் ஏன்னா சில குழந்தைங்களுக்கு நின்னு நடமாடறப்ப மட்டும் புரதம் போகும், படுத்து எழுந்தா இருக்காது, அது கெடுதல் இல்லாதது. ரெண்டு வயசுக்கு மேல இந்த விகிதம் 0.2க்கு கீழ இருந்தா நல்லது.

பிளட் பிரஷர். உங்க லெட்டர்ல இதை பத்தி ஒரு வரி கூட இல்ல, மூணு டாக்டர் பேப்பர்லயும் இல்ல. எனக்கு உண்மைல கவலை குடுத்தது அந்த 54 இல்ல, இதுதான். குழந்தைக்கு பிரஷர் பாக்க குழந்தை அளவு கஃப், அதாவது கையில சுத்தற பட்டை வேணும், உள்ள இருக்கற காத்துப்பை கையோட சுத்தளவுல 80 சதவீதமாவது சுத்தி வரணும், நார்மல் எவ்வளவுங்கறதும் வயசு, உயரம், ஆண் பெண் பாத்துத்தான் சொல்ல முடியும், 120க்கு 80 கணக்கு இங்க செல்லாது. ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, கிட்னி பாதிப்பு உள்ள 385 குழந்தைங்களை அஞ்சு வருஷம் தொடர்ந்து பாத்த எஸ்கேப்ங்கற ஐரோப்பிய ஆய்வு 2009ல வந்துச்சு. எல்லாருக்கும் ராமிப்ரில்ங்கற பிரஷர் மருந்தை குடுத்து, பாதி பேருக்கு பிரஷரை ரொம்ப கண்டிப்பா குறைச்சு வெச்சாங்க. கண்டிப்பா வெச்ச குழுவுல ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்குத்தான் கிட்னி வேலை பாதியா குறையறதோ செயலிழக்கறதோ நடந்துச்சு, வழக்கமான குழுவுல ஏறக்குறைய 42 சதவீதம். கிட்னியை காப்பாத்த நம்ம கைல இருக்கற ஆயுதங்கள்ல பிரஷரை விட பெருசு அதிகம் இல்ல, அதை அளக்கவே அளக்காம நம்பரை பத்தி மட்டும் பேசிட்டு இருக்கோம்.

ஸ்கேன் விஷயம். ஆறு வயசுல கிட்னி நீளம் ஏறக்குறைய 8 செ.மீ. இருக்கணும். வலது 8.7, கொஞ்சம் பெருசு, இடது 6.4, சின்னது. ஒன்னு சரியா வேலை செய்யாதப்ப இன்னொன்னு ஈடு கட்டி பெருசாகற மாதிரி தெரியுது. மூணு தடவை காய்ச்சலோட இன்ஃபெக்ஷன் வந்த பொண்ணுக்கு யூரின் மேல ஏறி திரும்பற ரிஃப்ளக்ஸ் இருக்கலாம், பொறந்ததுல இருந்தே இடது கிட்னி சின்னதா இருந்திருக்கலாம், இன்ஃபெக்ஷன் தழும்பு விட்டிருக்கலாம், மூணும் சேர்ந்தும் இருக்கலாம். இதை தெளிவு படுத்த டிஎம்எஸ்ஏ ஸ்கேன், எந்த கிட்னி எவ்வளவு பங்கு வேலை செய்யுதுன்னும் தழும்பு இருக்கான்னும் காட்டும். இன்ஃபெக்ஷன் முடிஞ்சு நாலுல இருந்து ஆறு மாசம் கழிச்சு எடுத்தாத்தான் நிரந்தர தழும்பு எது, தற்காலிகம் எதுன்னு தெரியும். ரிஃப்ளக்ஸ் இருக்கான்னு எக்ஸ்ரேல பாக்கற எம்சியு டெஸ்ட் வேணுமான்னு உங்க டாக்டரோட பேசுங்க.

ஊசி போட்டு பண்ற ஜிஎஃப்ஆர் டெஸ்ட் இப்ப வேணுமா

இப்ப வேண்டாம்ங்கறது என் கருத்து. ஐயோஹெக்ஸால் இல்ல டிடிபிஏ மாதிரி ஒரு பொருளை ரத்தத்துல செலுத்தி, சில மணி நேரம் இடைவெளி விட்டு ரத்தம் எடுத்து, எவ்வளவு வேகமா வெளிய போகுதுன்னு அளக்கறது அது. மதிப்பீட்டை விட துல்லியம், சந்தேகமே இல்ல. ஆனா இன்னும் நிலைக்கு வராத கிட்னியை துல்லியமா அளந்து என்ன பிரயோஜனம்? கிரியேட்டினின் ஒன்னு சொல்லுது, சிஸ்டாட்டின் சி வேற சொல்லுது, ரெண்டும் ஒத்துப் போகலன்னா அப்ப பண்ணலாம். கேன்சர் மருந்து மாதிரி டோஸ் தப்பினா ஆபத்துங்கற இடத்துலயும் பண்ணுவோம். உங்க பொண்ணுக்கு அடுத்த ரெண்டு மூணு மாசத்துல எடுக்க வேண்டிய எந்த முடிவும் அந்த டெஸ்ட்டை நம்பி இல்ல. 24 மணி நேர யூரின் சேர்க்கறதும் வேண்டாம், ஆறு வயசு குழந்தை ஒரு தடவை பாத்ரூம்ல போயிட்டா மொத்த கணக்கும் போச்சு.

ஸ்டேஜ், சதவீதம், டயாலிசிஸ்

54ன்னா 54 சதவீதம் இல்ல. ஒரு நிமிஷத்துக்கு இத்தனை மில்லி ரத்த நீர் வடிகட்டப்படுதுங்கற கணக்கு, அதை 1.73 சதுர மீட்டர் உடம்பு பரப்புக்கு மாத்தி எழுதறோம், பெரியவங்களையும் குழந்தைங்களையும் ஒரே தராசுல வைக்கறதுக்கு. உங்க பொண்ணோட உடம்பு பரப்பு ஏறக்குறைய 0.7 சதுர மீட்டர் தான். அதனால யாராவது "நிஜமா 22 மில்லி தான்"னு சொன்னா பயந்துடாதீங்க, அது இதே 54 தான், வேற அளவுல. நார்மல்ங்கறது 90க்கு மேல.

சிகேடி, அதாவது நாள்பட்ட கிட்னி பாதிப்புன்னு பேர் வைக்க மூணு மாசத்துக்கு மேல அந்த நிலைமை நீடிக்கணும். காய்ச்சல் நாள்ல எடுத்த ஒரே டெஸ்ட்டை வெச்சு ஸ்டேஜ் 3ஏன்னு எழுதினது அவசரம். ஆனா உங்ககிட்ட நேர்மையா சொல்லணும், இடது கிட்னி சின்னதா இருக்கறது உறுதியானா ஜிஎஃப்ஆர் 60க்கு மேல இருந்தாலும் அது சிகேடி கணக்குலதான் வரும். அந்த வார்த்தையை பாத்து உடைஞ்சு போகாதீங்க, "இந்த குழந்தையை தொடர்ந்து கவனிக்கணும்"ங்கறது தான் அதோட நடைமுறை அர்த்தம்.

டயாலிசிஸ் பேச்சு வர்றது 15க்கு கீழ போறப்ப. உங்க பொண்ணு அங்க இல்ல, பக்கத்துலயும் இல்ல. இந்த மாதிரி பிறவி, ரிஃப்ளக்ஸ் சம்பந்தப்பட்ட பாதிப்பு பெரும்பாலும் மெதுவா போறது, பல பேருக்கு வருஷக்கணக்குல அப்படியே நிக்கும். வேகமா வளர்ற பருவ வயசுல மட்டும் கூடுதலா கவனிக்கணும், உடம்பு வளர்ற வேகத்துக்கு கிட்னி ஈடு குடுக்க முடியாம அப்ப சரியறது உண்டு. அதுக்கு உங்களுக்கு இன்னும் சில வருஷம் இருக்கு.

இதை படிக்கற கைக்குழந்தை பெத்தவங்களுக்கு ஒரு வார்த்தை: இந்த ஸ்டேஜ் நம்பர் எதையும் ரெண்டு வயசுக்கு கீழ போட்டு பாக்காதீங்க. நிறைமாசத்துல பொறந்த குழந்தைக்கே முதல் நாள்ல ஜிஎஃப்ஆர் 20 பக்கம் தான் இருக்கும், ரெண்டு வயசு வாக்குலதான் பெரியவங்க அளவுக்கு வரும். பொறந்த முதல் ரெண்டு நாள்ல எடுக்கற கிரியேட்டினின் அம்மாவோட அளவையே காட்டும்.

வீட்டுல

முட்டை, பால், பருப்பை இன்னிக்கே திரும்ப ஆரம்பிங்க. இதை நான் கெஞ்சி கேக்கறேன். வளர்ற வயசுல, அதுவும் ஏற்கனவே ஒல்லியா இருக்கற பொண்ணுக்கு புரதத்தை நிறுத்தினா வளர்ச்சி நிக்கும், தசை கரையும், தசை கரைஞ்சா கிரியேட்டினின் குறைஞ்சு கிட்னி முன்னேறின மாதிரி பொய்யா ஒரு ரிப்போர்ட் வரும், நீங்களும் நல்லாகுதுன்னு நினைச்சு இன்னும் குறைப்பீங்க. கிட்னி பாதிப்பு உள்ள குழந்தைங்களுக்கும் வயசுக்கு தேவையான புரதத்தை முழுசா குடுக்கணும்ங்கறது தான் இப்போதைய வழிகாட்டுதல். பெரியவங்களுக்கு சொல்ற கட்டுப்பாடு வேற. உப்பு, பாக்கெட் நொறுக்குத் தீனி மட்டும் குறைங்க.

தண்ணி தாகத்துக்கு தாராளமா குடுங்க, அளவு வெச்சு மிரட்டி ஊத்த வேண்டாம். தண்ணி வத்தாம இருக்கறது நல்லது, இன்ஃபெக்ஷன் வராம இருக்கவும் உதவும், ஆனா நிறைய தண்ணி ஜிஎஃப்ஆரை ஏத்தாது. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை யூரின் போக பழக்குங்க, ஸ்கூல் டீச்சர்கிட்ட சொல்லி வைங்க, நிறைய பெண் குழந்தைங்க ஸ்கூல்ல அடக்கி அடக்கி வெச்சுக்கறாங்க. மலச்சிக்கல் இருந்தா அதை சரி பண்ணாம யூரின் இன்ஃபெக்ஷன் நிக்காது.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால், எடைக்கு தகுந்த டோஸ்ல. சொந்தக்காரங்க குடுத்த மூலிகை டானிக் பத்தி கேட்டிருந்தீங்க, அதுல என்ன இருக்குன்னு பாட்டில்ல எழுதல, அதனால வேண்டாம், கிட்னியை நேரடியா கெடுக்கற மூலிகைகள் உண்டு, இது அதுல ஒன்னா இல்லையான்னு பொண்ணு மேல சோதிச்சு பாக்க முடியாது. வேற எந்த டாக்டர்கிட்ட போனாலும், பல் டாக்டர் உட்பட, மருந்து எழுதறதுக்கு முன்னாடி ஜிஎஃப்ஆர் கம்மின்னு சொல்லிடுங்க, சில ஆன்டிபயாட்டிக்கோட டோஸ் மாறும். ஓடி ஆடி விளையாடட்டும், தடுக்காதீங்க. தடுப்பூசி எல்லாம் நேரத்துக்கு.

காரணம் தெரியாத காய்ச்சல் வந்தா அன்னிக்கே யூரின் டெஸ்ட். ரெண்டு நாள் பாப்போம்னு காத்திருக்கக் கூடாது, மருந்து தள்ளிப்போக தள்ளிப்போக தழும்பு விழற வாய்ப்பு கூடும். முகம் வீங்கறது, யூரின் ரொம்ப குறையறது, விடாத தலைவலி, வாந்தி நிக்காம எதுவும் தங்காம போறது, இதுல எது வந்தாலும் இரவு பகல் பாக்காம ஆஸ்பத்திரிக்கு போங்க.

இனிமே ஒரே ஒரு குழந்தைகள் கிட்னி டாக்டர்கிட்ட தொடர்ந்து காட்டுங்க, முடிஞ்ச வரைக்கும் ஒரே லேப். ஒரு நோட்டு போட்டு தேதி, உயரம், எடை, பிரஷர், கிரியேட்டினின், சிஸ்டாட்டின் சி, காலை யூரின் விகிதம், அன்னிக்கு காய்ச்சல் இருந்துச்சா, என்ன மருந்து போயிட்டு இருந்துச்சுன்னு ஒரே வரில எழுதிட்டே வாங்க, முதல் வரியா அந்த 4 வயசு ரிப்போர்ட்டை எழுதுங்க. அடுத்த டெஸ்ட் வந்ததும் அந்த பக்கத்தை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, அதே யு25ல போட்டு சேர்ந்து பாப்போம். பிரஷரை மட்டும் அதுவரைக்கும் தள்ளிப் போடாம இந்த வாரமே பாத்துடுங்க.